நாலு கொட்டு பொறுக்கும் வாத்து

லீ-ஹுன்னுடைய அம்மாவின் கோபத்துக்கு விலை முப்பத்தெட்டு யுவான். ஆயிரம் எடுத்தால் முப்பத்தொன்று. கப்பல் பெட்டி நிறைய எடுத்தால் இருபத்தாறரை, பேட்டரி சேராது.

வாத்தின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த சீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. சீனாவில் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன செங்ஹாயில் சரக்கு வாங்க வருகிறவர்கள் ஒவ்வொரு தொழிற்சாலையாக ஏறி இறங்குவதில்லை. ஊரில் உள்ள எல்லோரும் தங்கள் மாதிரிகளை நாலு மாடிக் காட்சிக்கூடத்தில் கொண்டுவந்து அடுக்கி, அடியில் சீட்டு ஒட்டிவிடுவார்கள். வருகிறவன் கூடையைத் தள்ளிக்கொண்டு போய், எடுத்துப் பார்த்து, புரட்டிப் பார்த்து, விலையைப் படித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பாதி விலைக்குக் கேட்பான். லீ-ஹுன் அன்றைக்கு அங்கே போனது எதிராளி ஒருவருடைய குட்டிக்கரணக் குரங்கின் உள்ளே எத்தனை பல்சக்கரம் என்று வேவு பார்க்க. மூன்றாம் மாடியில், புத்தாண்டு அலங்காரப் பொருட்களுக்கான தட்டில், அவளுடைய வாத்து நின்றுகொண்டிருந்தது.

நிற்கக் கூடாத வாத்து. அதன் மாதிரி இன்னும் தொழிற்சாலையில் அவள் மேசைமேல் கழுத்து திறந்தபடி கிடந்தது. புரட்டினாள். விலைக்குக் கீழே பொடி எழுத்தில்: வடிவமைப்பு, சுவா வீ-கியாட். வார்ப்பு அச்சான மோல்டின் உரிமை, அதே சுவா வீ-கியாட். பக்கத்தில் அரசாங்கப் பதிவு எண்.

வீ-கியாட், அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் முதலாளியான சித்தப்பாவின் மகன். இருபத்தாறு வயது. அவன் வாழ்நாளில் உருப்படியாகப் போட்ட ஒரே வளைவு, மோட்டார் சைக்கிளைத் தொழிற்சாலைச் சுவரில் உரசியபோது விழுந்த கோடுதான்.

வாத்தை நிமிர்த்தி வைத்துப் பொத்தானை அமுக்கினாள். மேளமும் சேகண்டியும் முழங்கின. முதல் கொட்டிலேயே வாத்து ஆடத் தொடங்கியது. புது மருமகள் மாமியாருக்குத் தலையாட்டுகிற மாதிரி, கொட்டுக்கொரு ஆட்டம், கொட்டுக்கொரு ஆட்டம். அலகின் ஓரத்தில் சிவப்பு வண்ணத்தில் ஒரு புன்னகை வேறு தீட்டியிருந்தார்கள்.

திருடியது போதாதென்று திருத்தியும் இருந்தார்கள்.

அந்த வாத்துக்கு அவள் ஏழு மாதம் செலவழித்திருந்தாள். சித்தப்பா கேட்டது இதுதான்: புத்தாண்டுக்கு வீட்டு அலமாரியில் வைக்கிற மாதிரி, பாட்டுக்கு ஆடுகிற ஒன்று வேண்டும். ஆடும் பூ வேண்டாம், ஆடும் கள்ளிச்செடி வேண்டாம், அதையெல்லாம் ஊரே செய்து ஓய்ந்துவிட்டது. மோட்டார் ஒன்றுதான் தருவேன், இரண்டாவது கேட்காதே. லீ-ஹுன் யோசித்தது தங்கள் ஊர்ச் சிங்கத்தலை வாத்தை. நெற்றியில் புடைப்பு, தாடையில் தொங்கும் பை, பன்னிரண்டு கிலோ எடையும் பதினைந்து கிலோ கர்வமும். உடம்பு சுலபமாக வந்துவிட்டது. ஆட்டம்தான் வரவில்லை. தாளத்துக்கு ஒழுங்காக ஆடும் வாத்து வாத்தாகவே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிற ஆள் மாதிரி இருந்தது.

ஒருநாள் சந்தையில் அம்மாவின் கடைக்குப் போய் நின்றாள். அம்மாவின் பெயர் குயிம். முப்பது வருடமாக மசாலாச் சாற்றில் வேகவைத்த வாத்தை வெட்டி விற்கிறவள். ஒரு வாடிக்கைக்காரி, “எதிர்க் கடையில ரெண்டு யுவான் கம்மி” என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் கத்தி காற்றில் நின்றது. முகத்தில் ஒன்றுமில்லை. ஒரு கணம், இரண்டு கணம். சொன்னவளுக்கே ‘ஐயோ, ஏன் சொன்னோம்’ என்று ஆகிற வரைக்கும் அப்படியே நின்றாள். பிறகுதான் கழுத்து நீண்டு, தாழ்ந்து, பலகைக்கு மேலாக முன்னே வந்தது. கால் ஒருமுறை தரையை மிதித்தது. வாய் அதற்கப்புறம்தான் திறந்தது.

அந்த நிற்றல்தான் வேண்டியிருந்தது. மோட்டார் சுற்றும்போது வாத்தின் கழுத்துக் கம்பியைத் தள்ளுவது ஒரு சின்னச் சக்கரம். வட்டமாக இல்லாமல் முட்டை போலப் புடைத்த சக்கரம். அதன் விளிம்பில் ஓரிடத்தைத் தட்டையாக அராவினால், அந்த இடம் கடந்து போகிற வரைக்கும் கழுத்து அசையாது. எவ்வளவு தட்டை என்பதில்தான் ஏழு மாதமும் போயிற்று. மூன்று கொட்டு பொறுத்தால் மோட்டார் ஒரு நொடி திக்கியது போலத் தோன்றியது. ஐந்து பொறுத்தால் ஆள் நகர்ந்து போய்விடுகிறான். பதினேழு சக்கரம் அராவிய பிறகு, பதினேழாவதில், நாலு கொட்டு. பாட்டு முழங்குகிறது, வாத்து அசையாமல் பார்க்கிறது, ஏதோ அவமானம் காதில் விழுந்தது போல, பிறகு கழுத்து தாழ்ந்து உங்கள்மேல் பாய்கிறது. பார்க்கிறவர்கள் ஒரு அடி பின்வாங்கிவிட்டுச் சிரித்தார்கள்.

முதல் மாதிரியைச் சந்தைக்கு எடுத்துப் போய் ஆட்டிக் காட்டியபோது மீன்காரிகள் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யார் அது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மா மட்டும் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “வாலு என்னுது இல்ல” என்றாள்.

சித்தப்பா ஹாக்-செங் அதைப் பார்த்த நாளில் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். “ஆ-ஹுன், இதோட மோல்டு உன் பேர்லதான். நீயா தனியா ஒரு பட்டறை போட்டுக்க. நான் உன்கிட்டயிருந்து வாங்கி விக்கிறேன்” என்றார். பதினாலு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. எழுதித் தரச் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை அவரும் பார்த்துவிட்டார். “நம்ம ஆளுங்களுக்குள்ள காகிதமா?” என்று சிரித்தார். வெளியூர்க்காரனிடம் பொத்தானுக்குக் கூட ஒப்பந்தம் போடும் ஊர் அது. ஆனால் சொந்தத்திடம் எழுதிக் கேட்பது, அவர் ஊற்றிய கோப்பைக்குள் துப்புவதற்குச் சமம். லீ-ஹுன் கேட்கவில்லை. கேட்காததற்காகக் கொஞ்சம் பெருமை கூடப் பட்டுக்கொண்டாள். இப்போது காட்சிக்கூடத்தில் நின்றபோது சித்தப்பாமேல் வந்த கோபத்தைவிட அந்தப் பெருமையின்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனாள். சித்தப்பாவும் வீ-கியாட்டும் தேநீர்த் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தைத் தட்டின் நடுவில் வைத்தாள். சித்தப்பா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூன்றாவது கோப்பையைக் கொதிநீரில் கழுவத் தொடங்கினார். வியாபாரத்தில் பதில் இல்லாதபோது அவர் கோப்பை கழுவுவார்.

“உட்காரும்மா. சூடா குடி.”

அவள் உட்காரவில்லை. சித்தப்பா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். பதிவு யார் பேரில் இருந்தால் என்ன, குடும்பப் பெயர் சுவா என்றுதானே இருக்கிறது, அவளும் சுவாதானே. பெண் பேரில் மோல்டு இருந்தால் நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போகும்போது மோல்டும் வீட்டைவிட்டுப் போய்விடும். வேறு குடும்பத்துக்கா இவ்வளவு பாடுபடுவது? சீட்டில் பேர் இல்லாவிட்டாலும் உறையில் பணம் இருக்கும். இருபதாயிரம். சிவப்பு உறை மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது. ஏற்கெனவே ஒட்டித் தயாராக இருந்தது.

“நாளைக்குக் கல்யாணம்னு பதினாலு வருஷமா சொல்றீங்க சித்தப்பா” என்றாள் லீ-ஹுன். “எனக்கு முப்பத்தினாலு ஆச்சு. இந்த வாத்த கட்டிக்கிட்டுப் போனாத்தான் உண்டு.”

பிறகு வீ-கியாட்டின் பக்கம் திரும்பினாள். “பேர திருடின, சரி. நாலு கொட்டு ஏன் எடுத்த?”

வீ-கியாட் கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். அவன் ஒளிக்காமல் சொன்னான். “அக்கா, பட்டன அமுக்கினா ஆடணும். நாலு கொட்டு சும்மா நின்னா பழுதுன்னு திருப்பி அனுப்பிடுவான். கடையில ஒருத்தன் ரெண்டு நொடிதான் பார்ப்பான். மூஞ்சியும் பயமா இருந்துச்சு. சிரிக்க வெச்சதும் நாப்பதாயிரம் ஆர்டர் ஆயிடுச்சு.”

“யாராவது கேட்டானா, இது முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு?”

“முன்னாடி இருந்ததுன்னே யாருக்கும் தெரியாதே.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கொஞ்சம் நியாயம் இருக்கிற அநியாயத்தைப் போலத் தொண்டையில் சிக்குவது வேறொன்றில்லை. நாற்பதாயிரம் வீட்டில் நாற்பதாயிரம் வாத்து இளித்துக்கொண்டு தலையாட்டப் போகிறது. ஒருத்தருக்கும் குறை தெரியாது. வாத்து தோற்றிருந்தால் அவளுக்கு வெற்றி. அது விற்றுத் தொலைத்துவிட்டது.

உறையைத் தொடாமல் தன் மேசைக்குப் போய், அராவிய பதினேழு சக்கரமும் கிடந்த தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா அப்போதும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாய் தன் பழக்கத்தில் சொல்லியது: “அது கம்பெனி பிளாஸ்டிக், ஆ-ஹுன்.”

லீ-ஹுன் பெட்டியை மேசைத் தராசில் கவிழ்த்தாள். தொண்ணூறு கிராம். கிலோ என்ன விலை என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று எந்த மனிதனுக்கும் புரிந்திருக்கும். சித்தப்பாவுக்கும் புரிந்தது, ஆனாலும் கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டுவிட்டார். “ஒரு யுவான் இருபது காசு.” அவள் கைபேசியில் கட்டினாள். மேசையில் கிடந்த அவருடைய கைபேசி, சத்தம் குறைக்க மறந்துபோனதால், இனிமையான பெண் குரலில் அறை முழுவதும் கேட்க அறிவித்தது: ஒரு யுவான் இருபது காசு வரவு.

வீ-கியாட்டின் காது சிவந்தது. சித்தப்பாவின் காது அந்த வகைக் காது இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது கத்தி காற்றில் நின்றது. லீ-ஹுன் காத்திருந்தாள். கழுத்து தாழ்ந்து வந்தது, ஆனால் அவள் பக்கமாக.

“எழுதி வாங்கலியா?”

“நம்ம ஆளுதானேன்னு...”

அம்மா கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள். பிறகு, வாத்துக் குடலைக் கழுவிக்கொண்டே, யாரோ மூன்றாம் மனுஷியின் கதையைப் போலச் சொன்னாள். அந்தத் தொழிற்சாலையின் முதல் பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரம் பாதி லீ-ஹுன்னுடைய அப்பாவின் பணத்தில் வாங்கியது. அதுவும் தேநீர்த் தட்டின் முன்னால் பேசி முடித்ததுதான். அப்பா செத்த மாதத்தில் போய்க் கேட்டதற்கு, ஹாக்-செங் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தாராம். எழுத்து இல்லை; பங்கும் இல்லை.

“இத இத்தன வருஷமா என்கிட்ட சொல்லலியேம்மா.” லீ-ஹுன்னின் குரல் உடைந்தது, அழுகையால் அல்ல. “சொல்லியிருந்தா நான் அந்தக் கோப்பைய வாயில வெச்சிருப்பேனா?”

“சொல்லியிருந்தா நீ அங்க வேலைக்கே போயிருக்க மாட்ட. அன்னிக்கு நமக்கு சம்பளம் வேணும்.”

அன்று முழுவதும் கோபம் ஹாக்-செங்கிடம் போகிற வழியில் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

சீனப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதம், செத்தவர்களுக்குப் படையல் போடும் பதினைந்தாம் நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் ஹாக்-செங் சந்தைக்கு வந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி. வருடா வருடம் குடும்பப் படையலுக்கு வாத்து அண்ணி கடையிலிருந்துதான்; அதை மாற்றினால் ஊர் காரணம் கேட்கும். கிழட்டு ஆண் வாத்து ஒன்றைத் தலையோடு சுட்டிக்காட்டி, “அண்ணி, நம்ம ஆளு, ஒரு நியாயமான விலையா சொல்லுங்க” என்றார்.

அம்மா நின்றாள்.

மீன்கடைப் பக்கம் யாரோ மெல்ல எண்ணத் தொடங்கினார்கள். ஒண்ணு. ரெண்டு. பக்கத்துக் கடைக்காரி சேர்ந்துகொண்டாள். மூணு. நாலு. அம்மாவின் கழுத்து நீண்டு, தாழ்ந்து, பலகையைத் தாண்டி ஹாக்-செங்கின் மூக்குக்கு நேரே வந்து நின்றது. கால் மிதித்தது. சந்தை முழுவதும் வெடித்துச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

“கொழுந்தனாரே, அந்த ஆடுற வாத்த பண்ணினது யாரு? உங்க மகன்னு இங்க, இவங்க முன்னாடி, ஒரு தடவ சொல்லுங்க. இத சும்மாவே தர்றேன்.”

இலவசமாக வருகிற வாத்து, அதுவும் உடம்பைவிட விலை கூடிய தலையோடு. ஹாக்-செங் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் முதல் மாதிரியை ஆட விட்டுப் பார்த்தவர்கள். பொய்க்கும் ஒரு சந்தை நிலவரம் உண்டு. அன்றைக்கு அது விலை போகாது என்று அவருக்குத் தெரிந்தது.

“ஆ-ஹுன் பண்ணினதுதான்” என்றார். “அத யாரு இல்லேன்னா? ஆனா பதிவு பதிவுதான் அண்ணி.”

ஒப்புக்கொண்டார், ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது பொய்யன் என்று சொல்லித் திட்டலாம். லீ-ஹுன் கடையின் பின்னால் சாற்றுப் பானையருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை எடுத்து அந்த வழுக்கைத் தலையில் கொதிக்கக் கொதிக்கச் சாற்றை ஊற்றினால் என்ன தண்டனை கிடைக்கும், மூன்று வருடமா, ஐந்தா, என்று உண்மையாகவே யோசித்தாள்.

அம்மா வாத்தை நிறுத்து, முழு விலை சொன்னாள். ஒரு காசு கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

“ஏம்மா வித்த?” என்று பாய்ந்தாள் லீ-ஹுன்.

“அந்தப் படையல்ல உங்கப்பனும் உட்காருவான். அவன் சாப்பாட்டுல கை வெக்க முடியுமா?” அம்மா கத்தியைத் துடைத்தாள். “நீ ஏன் வெறுங்கையோட நிக்கிற? பதிவுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?”

படித்திருக்கவில்லை. கோபத்தில் பெயரை மட்டும் பார்த்தவள் மற்றதைப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் பதிவு அலுவலகத்தில் பத்து யுவானுக்கு நகல் வாங்கி, வாசலில் நின்றே படித்தாள். வாத்தின் உருவப்படம் ஆறு கோணத்தில் இருந்தது. புடைப்பு, தாடைப் பை, புன்னகை. உருவத்துக்குத்தான் உரிமை. உள்ளே இருக்கிற சக்கரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை அவர்கள் எதற்கு எழுதப் போகிறார்கள்? அராவி எறிந்த பழுதுதானே.

வாத்தைச் செய்தால் அவள் திருடி. தன் வாத்தையே திருடியவள். ஆனால் நாலு கொட்டு பொறுக்கிற அந்தத் தட்டை விளிம்பு யார் உடம்புக்குள்ளும் போகலாம்.

ஆறு வாரத்தில் புது மாதிரி தயாரானது. ஒரு ஜாண் உயரப் பெண்பிள்ளை. ரப்பர் மேலங்கி, முழங்கைவரை சுருட்டிய கை, முன்னால் வெட்டுப்பலகை, தலைக்கு மேலே வெட்டுக்கத்தி. மேளம் முழங்கும். அவள் அசையமாட்டாள். நாலு கொட்டு கழித்துக் கழுத்து தாழ்ந்து வரும், கத்தி பலகையில் இறங்கும். மோட்டார் ஒன்றுதான். வாத்துக்கு அடங்காத கோபம் இந்த உடம்பில் அளவாகப் பொருந்தியது.

அம்மா மூன்று முறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு தன் முகத்துக்கு என்ன விலை என்று கேட்டாள். லீ-ஹுன் விளையாட்டு என்று நினைத்தாள். அம்மா விளையாடவில்லை; பொம்மைக்கு ஒரு யுவானில் தொடங்கினாள். மகள் கத்திக் கத்தி அரை யுவானுக்கு இறக்கினாள். அந்த அரை யுவானையும், மோல்டு லீ-ஹுன் பேரில் என்பதையும், அம்மா போடுகிற பணம் கடன் என்பதையும் பக்கத்துத் தெரு எழுத்தரிடம் இரண்டு பிரதி அடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கைநாட்டும் வைத்தார்கள். தாயும் மகளுமா எழுதிக்கொள்கிறீர்கள் என்று எழுத்தர் முகம் சுளித்தார். அம்மா அவர் பக்கமாகத் திரும்பி, அசையாமல் நின்றாள். அவர் முத்திரையை எடுத்து இரண்டு பிரதியிலும் குத்தினார்.

புத்தாண்டு கழிந்தது. இளிக்கிற வாத்து நாற்பதாயிரமும் விற்று இன்னொரு இருபதாயிரத்துக்கு ஆர்டர் வந்ததாக ஊர் பேசியது. கத்திக்காரி அப்படி ஒன்றும் ஓடவில்லை. சிலர் பழுது என்று திருப்பியும் அனுப்பினார்கள். வீ-கியாட் சொன்னது அவ்வளவு தூரம் சரிதான். அந்தப் பெட்டிகளைப் பிரித்தபோது லீ-ஹுன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் நாலு கொட்டு பொறுத்தன. ஒன்றையும் அவள் மாற்றவில்லை. புதிதாகப் போட்ட பட்டறையின் கதவில் அவள் பெயர் இருந்தது.

பருவம் முடிந்த நாளில், சந்தை அடங்கிய மத்தியானத்தில், அம்மாவின் வெட்டுப்பலகைமேல் நோட்டை விரித்துக் கணக்கு எழுதினாள். அம்மா எதிரே நின்று தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள். எல்லா வரியும் முடிந்த பிறகு லீ-ஹுன் கடைசியாகச் சித்தப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘வரவேண்டியது’ என்று போட்டு, பேனாவைத் தூக்கியபடியே நின்றாள். வாத்துக்கு எவ்வளவு, அப்பாவின் பாதி எந்திரத்துக்கு எவ்வளவு, பதினாலு வருடத் தேநீருக்கு எவ்வளவு என்று மனசு கூட்டிக்கொண்டே போனது.

“எண் போடாத” என்றாள் அம்மா. “போட்டா அத கொடுத்துக் கணக்க முடிச்சுருவான்.”

மோல்டுக்கு ஆனது, நாற்பத்தாறாயிரம். அதில் லீ-ஹுன் போட்டது, பதினாறாயிரம். அம்மாவிடம் கடன், முப்பதாயிரம். விற்ற கத்திக்காரி, ஆயிரத்துத் தொள்ளாயிரம்; ஒன்றுக்கு ஆறு யுவான் வீதம் லாபம், பதினோராயிரத்து நானூறு. அதில் அம்மாவின் முகத்துக்கு, தொள்ளாயிரத்து ஐம்பது, கையில் கொடுத்தாயிற்று. மீதி பத்தாயிரத்து நானூற்றைம்பது கடனில் கழிந்தது. அம்மாவுக்கு இன்னும் தரவேண்டியது, பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்றைம்பது.

சுவா ஹாக்-செங்கிடம் வரவேண்டியது,